யாரை முதலில் அழைப்பது?

அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளில் அதிகாலையிலேயே வந்து இலக்கத்துண்டு பெற்றுக் காத்திருப்பது எமது மக்களுக்குப் பழகிப்போன ஒன்றாகும். முதலில் வந்தவருக்கே முதற்சேவை என்ற இந்த ஒழுங்கு நீதியானதாகவே தோன்றுகின்றது. செல்வாக்குள்ளவர் முந்திச் செல்ல அதில் இடமில்லை, ஏட்டளவிலேனும். எனினும் இவ்வொழுங்குக்காக நோயாளர் செலுத்தும் விலை என்னவென்பது குறித்து நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். வைத்தியர் ஒருவரின் அறைக்கு வெளியே மூவர் இருக்கின்றனர். முதலாமவரைப் பரிசோதிக்க 30 நிமிடங்களும் மற்றைய இருவருக்கும் தலா 5 நிமிடங்களும் தேவை. வந்த ஒழுங்கில் அழைத்தால் இரண்டாமவர் 30 நிமிடங்களும் மூன்றாமவர் 35 நிமிடங்களுமாக மொத்தம் 65 நிமிடங்கள் காத்திருப்பர். குறுகிய வேலைகளை முதலில் முடித்தாலோ, மொத்தக் காத்திருப்பு 15 நிமிடங்கள் மட்டுமே. வைத்தியர் ஒரு நிமிடமேனும் கூடுதலாக உழைக்கவில்லை. காத்திருப்பதால் ஒவ்வொருவருக்கும் நேரும் பாதிப்பையும் இக்கணக்கில் சேர்க்கலாம். பாதிப்பு கூடியதாகவும் தேவைப்படும் நேரம் குறைந்ததாகவும் உள்ள வேலையே முதலில் எடுக்கப்படவேண்டும் என்பது அப்போது கிடைக்கும் விதி.

ஆனால் யாருக்கு எவ்வளவு நேரம் தேவை, யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைப் பரிசோதிப்பதற்கு முன்னரே அறிந்தவர் எவர்? நெஞ்செரிவு என்று வந்தவருக்கு மாரடைப்பு ஏற்பட்டிருக்கக்கூடும்.

கணினித் துறையினரும் இதே இடரை எதிர்கொண்டனர். 1961 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவான நேரப்பகிர்வு முறையில், எல்லா வேலைகளுக்கும் முதலில் சிறிதளவு நேரம் வழங்கப்பட்டது. அதற்குள் முடியாதவை அடுத்த படிக்கு இறக்கப்பட்டன. இதனால் நீளம் தெரியாமலேயே குறுகிய வேலைகள் விரைவில் வெளியேறின. நோயாளியை இவ்வாறு பாதியில் நிறுத்திவைக்க முடியாதுதான். ஆயினும் வைத்தியரிடம் செல்லுமுன் அனைவரையும் ஒரு தாதி சில நிமிடங்கள் பார்ப்பது அதனையொத்த ஏற்பாடேயாகும். பரிசோதனை அறிக்கையைக் காட்ட வந்தவர், புதிய நோயுடன் வந்தவர் என்ற தோராயமான பிரிப்புக்கூடக் காத்திருப்பைக் குறைக்கும்.

பிரித்தானியாவின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்காக 1990களில் வகுக்கப்பட்ட மான்செஸ்ரர் முறை இதற்கு நல்ல உதாரணமாகும். சிவப்பு நிறத்தவருக்கு உடனடியாகவும், செம்மஞ்சளுக்கு 10 நிமிடங்களுக்குள்ளும், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்துக்கு 240 நிமிடங்களுக்குள்ளும் சிகிச்சை என்பது அதன் இலக்கு. குறைந்த தகவலை வைத்தே நிறம் தீர்மானிக்கப்படுவதால் தவறுகள் நேரவே செய்யும். இலேசான நோயாளியை மேலே ஏற்றினால் மற்றவர்களுக்குத் தாமதம். கடும் நோயாளியைக் கீழே இறக்கினால் உயிரே போகலாம். ஆகவே சந்தேகம் எழுமிடத்து மேலே ஏற்றுவதே முறை. அதற்காக எல்லோரையும் ஏற்றிவிட்டால் பிரிப்பே அர்த்தமற்றதாகிவிடும்.

இங்குதான் தமிழ் பேசும் மக்கள் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுள்ளது. தகவல் குறைபாடு எல்லா நோயாளரையும் சமமாகத் தாக்குவதில்லை. சிங்களம் மட்டுமே தெரிந்த உத்தியோகத்தரிடம் தனது வலியைச் சைகையால் விளக்கும் முதியவரும், பலர் முன்னிலையில் தம் உபாதையைச் சொல்லக் கூசும் பெண்களுமே தவறான நிறத்தைப் பெறும் வாய்ப்பு அதிகம். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வைத்தியசாலை வாசலில் அது அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுமாயின், எவ்வளவு சிறந்த வரிசை முறையும் இம்மக்களைப் பின்னுக்கே தள்ளும்.

எனவே தரம்பிரிக்கும் முறையை விரிவுபடுத்தும் எந்தவொரு திட்டத்திலும், முதற்பார்வை மேசையில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பதையும் அம்மேசைக்கு ஒரு திரை இடப்படுவதையும் சுகாதார அமைச்சு நிபந்தனையாக்கவேண்டும் என வலியுறுத்துகின்றோம். காத்திருப்போரை இடையிடையே மீண்டும் பார்ப்பதும் அவசியம். நீண்ட பரிசோதனை தேவைப்படுபவர் நாள் முழுவதும் பின்தள்ளப்படாதிருக்க, காத்திருப்புக்கு ஓர் உச்ச எல்லையும் விதிக்கப்படவேண்டும். வைத்தியர் பற்றாக்குறையை இவை தீர்க்கமாட்டா. அது வேறு கணக்கு.