இயந்திரமும் இரு கைகளும்

யாழ்ப்பாணத்திலே கையை நம்பி வளர்ந்த தொழில்கள் பல. சுருட்டுக் கொட்டிலிலே புகையிலை சுற்றிய கை, பனையோலையிலே பெட்டி இழைத்த கை, கன்னாதிட்டியிலே பொன்வேலை செய்த கை ஆகிய இவையே எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்தன. அக்கைகளுக்கு வந்த ஊறு பெரும்பாலும் கத்தி வெட்டும் நெருப்புச் சூடுமே. அவை சில நாளில் ஆறிவிடும். விசையால் ஓடும் பொறிகள் வந்த பின்னரோ ஊற்றின் தன்மையே மாறிவிட்டது.

காங்கேசன்துறையிலே 1950ஆம் ஆண்டு சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. போரின் காரணமாக 1990இல் அது மூடப்பட்டது. ஆயினும் இயந்திரங்கள் குடாநாட்டை விட்டு நீங்கிவிடவில்லை. மா அரைக்கும் ஆலை, எண்ணெய் ஆலை, மரம் அரியும் ஆலை, அச்சகம், சீமெந்துக்கல் அரியும் கொட்டில் என ஊர்தோறும் அவை இருக்கின்றன. போருக்குப் பின் மீளத் திறக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழிற் பேட்டையிலும் அவை ஓடுகின்றன. இவற்றுட் பல, இரண்டு மூன்று பேர் மாத்திரம் வேலை செய்யும் சிறிய இடங்கள். அங்கே முதலாளியும் தொழிலாளியும் உறவினராகவே இருப்பதுண்டு. உறவுக்காரன் கையென்று இயந்திரம் இரக்கங் காட்டுமோ?

“நான் கவனமாக இருப்பேன்” என்று சொல்வோர் ஒரு சிறு கணக்கைச் சிந்தித்தல் நன்று. நம் நாட்டு மின்சாரத்தில் ஓடும் சாதாரண மோட்டார் ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 முறை சுழலும். அஃதாவது செக்கனுக்கு 24 முறை. ஆபத்தைக் கண்டு கையை இழுக்க மனிதனுக்குக் கால் செக்கனளவு வேண்டும். அதற்குள் மோட்டார் ஆறு சுற்றுச் சுற்றிவிடும். சட்டைக் கை பட்டியிலே சிக்கினால், சிக்கியதை உணரும் முன்னரே விரல்கள் கப்பியினுள்ளே போயிருக்கும். கவனம் வேண்டியதே, ஆனால் கவனம் மாத்திரம் கையைக் காக்காது. காப்பது மூடியும் வேலியுமே.

பெரும்பாலான விபத்துக்கள் எவ்வாறு நேருகின்றன? வேலை விரைவாக நடக்கவேண்டுமென்று காப்பு மூடியைக் கழற்றி மூலையிலே வைத்துவிடுகின்றனர். அடைபட்ட பொருளை இயந்திரம் ஓடும்போதே விரலால் தள்ளுகின்றனர். ஒருவர் உள்ளே கைவைத்துத் துப்புரவு செய்ய, மற்றவர் அறியாமல் விசையைப் போடுகின்றார். மோதிரமும், தொங்கும் சால்வையும், நீண்ட கூந்தலும் சுழலும் தண்டிலே சிக்குகின்றன. கையுறை பாதுகாப்பென்று கருதி அதனுடன் துளைபொறியை அணுகுவோரும் உளர். சுழலும் பொறியிலே கையுறை சிக்கின், அதுவே கையையும் உடன் இழுத்துச் செல்லும்.

இவற்றைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லாமலில்லை. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல் இயற்றப்பட்டது. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களைப் பாதுகாப்பாக அடைத்து வைத்தல் உடைமையாளரின் கடமையென்று அது விதிக்கின்றது. அதற்கும் முன்னரே, 1934இல், வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. எவ்வுறுப்பை இழந்தால் உழைக்கும் வல்லமையில் எத்தனை வீதம் குறைந்ததாகக் கொள்ளவேண்டுமென்று அதன் அட்டவணை கூறுகின்றது. சட்டம் ஏட்டிலே இருக்க, உரியவர் கேளாதிருந்தால் யாருக்குப் பயன்?

விபத்து நேர்ந்துவிட்டால் என்செய்வது? துண்டான விரல் போனதுதான் என்று எறிந்துவிடும் காலம் மலையேறிவிட்டது. சீனத்தின் சாங்காய் நகரிலே, 1963ஆம் ஆண்டு ஜனவரியில், உலோகத்தை வெட்டும் பொறியிலே வலக் கையை இழந்த தொழிலாளி ஒருவருக்குச் சென் சொங்வெய் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் அக்கையை மீளப் பொருத்தினர். யப்பானிய வைத்தியர்கள் 1965இல் உருப்பெருக்கியின் துணையோடு துண்டான பெருவிரலை ஒட்டவைத்தனர். கைத்தொழில் மிகுந்த கோயம்புத்தூரிலே கங்கா மருத்துவமனை இச்சிகிச்சைக்கு உலகப் புகழ் பெற்று விளங்குகின்றது.

எனவே யாவரும் இதனை மனத்திற் பதித்தல் வேண்டும். முதலில் விசையை நிறுத்துக. காயத்தின்மேல் தூய துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து இரத்தத்தைத் தடுக்க வேண்டும். துண்டான பாகத்தை நீர் தோய்த்துப் பிழிந்த தூய துணியிலே சுற்றுக. அதனை நீர் புகாத பொலித்தீன் பையிலே இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரிலே வைக்க வேண்டும். பனிக்கட்டி நேரே தசையிலே படலாகாது. பட்டால் தசை கெட்டுவிடும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும். 2018 முதல் வட மாகாணத்திலும் இச்சேவை உண்டு. குளிராக வைத்த விரல் ஏறக்குறைய ஒரு நாள் வரை தாங்கலாம். தசை மிகுந்த முன்கையோ, குளிரில் வையாவிடின், ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது. மஞ்சளும் கோப்பித்தூளும் அப்பிக்கொண்டு வீட்டிலே காத்திருத்தல் வீணே நேரத்தை இழப்பதாகும்.

ஒட்டவைத்தாலும் முன்போலவே அக்கை இயங்குமென்று சொல்வதற்கில்லை. பல மாதப் பயிற்சி வேண்டும். ஒட்டமுடியாமற் போவதும் உண்டு. கையின் தொழிலிலே ஐந்தில் இரண்டு பங்கு பெருவிரலுக்கே உரியதென்பர் வைத்தியர். அதனை இழந்தவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டுவதும் சோறு பிசைவதும் புதிதாகக் கற்கவேண்டிய வித்தைகளாகின்றன. அவரை உற்றாரே “பாவம்” என்று ஒதுக்கிவைப்பது, இயந்திரம் செய்த கொடுமையிலும் பெரிதன்றோ? ஊரார் கண்ணுக்கு அஞ்சிக் கையைச் சால்வைக்குள் மறைக்கும் இளைஞருக்கு வேண்டுவது இரக்கமன்று, மற்றொரு வேலை.

உறவு முறையால் நட்டஈடு கேட்கக் கூசுவோர் நம்மவருட் பலர். சட்டம் தந்த உரிமையைக் கேட்பது உறவை முறிப்பதாகாது. உறவை உண்மையாகப் பேணும் முதலாளி, கேட்கும் முன்னரே கொடுப்பார். அதனினும் மேலாக, கழற்றிய மூடியை மீளப் பூட்டுவார். அம்மூடிக்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபா. ஒரு கைக்கு விலை கூறவல்லார் யார்?

வேலைக்குப் போகும் மகனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், அவன் நிற்கும் இயந்திரத்துக்கு மூடி உண்டோ என்றும் கேட்பாராக.