அரைகுறை அறிவும் ஆயுள் மருந்தும்

ஒன்பது சிகரங்களை உடையதால் சிங்களத்தில் நமுனுகுல என்று பெயர் பெற்ற மலை, பதுளைக்கும் பசறைக்கும் மேலே, 2,036 மீற்றர் உயரத்தில் மேகத்தைத் தலையிற் சுமந்து நிற்கிறது. அதன் சரிவிலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியனாயிருந்து, இப்போது ஓய்வு பெற்று அந்த மலையையே பார்த்துக்கொண்டிருப்பவன் நான். என் மாணவர்களுக்கு நான் கற்பித்தவற்றுள் எவை அவர்களுக்குப் பயன்பட்டன என்று அறியேன். ஆனால், என் அக்காவுக்கு நான் சொன்ன ஒரே ஒரு விஷயம் அவளுடைய வலக்கையைப் பறித்துக்கொண்டது. அதனை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நான் செய்யக்கூடிய பிராயச்சித்தம்.

அக்காவுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கின. ஒரே காம்பிராவில் எட்டுப் பேர் படுத்து எழுந்த காலம் அது. தோட்டத்து மருந்துச் சாலையில் மூன்று நாளைக்கு மருந்து கொடுத்தார்கள்; காய்ச்சல் தணிந்தது; எல்லோரும் மறந்துவிட்டோம். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமியின் பின்விளைவாக வருகின்ற மூட்டுவாதக் காய்ச்சல், மூட்டுகளைச் சிலநாள் வருத்திவிட்டு, இருதயத்தின் வால்வுகளை ஆயுள் முழுதும் கெடுத்துவிட்டுப் போகக்கூடியது என்பதை அன்று எங்கள் லயத்தில் யார் அறிவார்? நெருக்கமும் வறுமையும் மிக்க இடங்களிலேயே அந்நோய் அதிகம். தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்திற் கொடுக்கப்படும் பெனிசிலின் அதனைத் தடுத்துவிடும். நோய் ஒருமுறை வந்தவர்களுக்கும், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பல ஆண்டுகள் பெனிசிலின் ஊசி போட்டு, அது திரும்பி வராமற் காக்கலாம். அக்காவுக்கு அவ்விரண்டும் கிட்டவில்லை.

அவள் பெரியவளானாள், கூடையைத் தலையில் மாட்டினாள், மலை ஏறினாள். ஐம்பது வயதுக்குக் கிட்ட, ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. "இரத்தம் குறைவு" என்றார்கள் சிலர். "வயசு" என்றார்கள் சிலர். கடைசியில் பதுளைக்குக் கூட்டிச் சென்றபோதுதான், மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதும், அதனால் இருதயத்தின் தாளம் தவறியிருப்பதும் தெரியவந்தன. அதற்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்று பெயர் சொன்னார்கள். சோணையறை நடுக்கம் என்று நாம் சொல்லலாம்.

தோட்டத்திலே அந்தக் காலத்தில் விடியற்காலையில் தப்பு அடித்துப் பிரட்டுக்கு அழைப்பார்கள். ஒருவன் அடித்தால் எல்லோரும் எழுவார்கள். வேலை ஒழுங்காக நடக்கும். நல்ல இருதயத்திலும் அப்படியே ஓரிடத்திலிருந்து மின் துடிப்பு எழுந்து, மேலறைகளாகிய சோணையறைகளையும், பின்பு கீழறைகளையும் வரிசையாகச் சுருங்கச் செய்கிறது. சோணையறை நடுக்கத்தில், நூறு பேர் நூறு மூலைகளில் நின்று தப்பு அடிப்பதுபோல, நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது முதல் அறுநூறு வரை துடிப்புகள் எழுகின்றன. மேலறைகள் சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. கீழறைகளோ வந்ததில் சிலவற்றை ஏற்றுச் சிலவற்றைத் தள்ளி, ஒழுங்கில்லாமல் ஓடுகின்றன. மணிக்கட்டில் விரல் வைத்தால் அந்த ஒழுங்கின்மை தெரியும்.

படபடப்பும் களைப்பும் அந்நோயின் சிறு துன்பங்கள். பெருந்துன்பம் வேறு. ஓடாத நீரிற் பாசி பிடிப்பதுபோல, நடுங்கிக்கொண்டிருக்கும் அறையின் மூலையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். அமெரிக்காவின் பிராமிங்ஹாம் என்னும் ஊர் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், இந்நோய் உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் வரும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார்கள். வால்வும் சுருங்கியிருந்தால் அபாயம் இன்னும் பல மடங்கு.

ஆகவே அக்காவுக்கு வார்பரின் என்னும் மாத்திரை கொடுத்தார்கள். மலையிலே அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நெடுநேரம் நில்லாமற் கசிவதை நாம் எல்லோரும் அறிவோம். அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று உண்டு. வார்பரினும் உறைதலைத் தாமதப்படுத்துவதே, வழிதான் வேறு. அளவு குறைந்தால் உறைகட்டி. அளவு மிகுந்தால் இரத்தப் பெருக்கு. ஆதலால் இரத்தத்தைச் சோதித்து, ஐ.என்.ஆர். என்னும் எண் பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்குமாறு மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறார்கள். மாதந்தோறும் முதல் பஸ்ஸில் அக்கா கிளினிக் கொப்பியைச் சேலைத் தலைப்பிற் சுற்றிக்கொண்டு போவாள்; பொழுது சாயத் திரும்புவாள். பல ஆண்டுகள் தவறாமற் செய்தாள்.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. ஒருநாள் எதையோ வாசித்துக்கொண்டிருந்தபோது, வார்பரின் முதலில் எலி கொல்லும் மருந்தாகவே விற்கப்பட்டது என்ற செய்தி கண்ணிற் பட்டது. விந்தையான செய்தியாயிற்றே என்று, தேநீர் குடித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னேன். எனக்கு அது ஒரு சுவையான துணுக்கு.

"என்னா தம்பி சொல்ற? எலிக்குப் போடுறதையா எனக்குக் குடுக்கிறாங்க?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

அந்த மாதம் மழை. பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. கிளினிக்குக்கு அவள் போகவில்லை. அடுத்த மாதம் பஸ் ஓடியது; அப்போதும் போகவில்லை. "உடம்பு சொகமாத்தான் இருக்கு" என்றாள். ஒரு விடியற்காலையில் அடுப்படியில் கேத்தலோடு சாய்ந்து கிடந்தாள். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, வாய் கோணியிருந்தது, பேச்சு இல்லை. அவளை ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பிய அன்றிரவு, மாற்றுச் சேலை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், கடதாசி உறைகளில் மாத்திரைகள் அப்படியே இருந்தன.

நான் சொன்னது பொய் அன்று, பாதி உண்மை. மற்றப் பாதியை அன்று நான் தேடவில்லை. பின்பு தேடினேன். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் மாண்டன. 1933ஆம் ஆண்டில், பனிப்புயலினூடே ஒரு விவசாயி, உறையாத மாட்டிரத்தத்தைப் பாற்பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு கார்ல் லிங்க் என்னும் இரசாயன விஞ்ஞானியிடம் வந்தான். லிங்கும் அவருடைய கூட்டத்தாரும் பல ஆண்டுகள் உழைத்துக் காரணப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அவ்வினத்தைச் சேர்ந்த வார்பரின் 1948இல் எலிகளுக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுக்கப்பட்டது. எலிக்கு அளவு பார்ப்பவர் இல்லை, மனிதனுக்கு உண்டு. அந்த வேற்றுமையே விஷத்துக்கும் மருந்துக்கும் உள்ள வேற்றுமை. வால்வு நோய் இல்லாத சோணையறை நடுக்கக்காரரிடத்தில் செய்த ஆராய்ச்சிகளிலே, பாரிசவாதத்தை இம்மருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது.

இருதய மருந்துகளின் கதைகள் யாவும் இத்தகையனவே. 1785இல் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் நூலாக எழுதி வெளியிட்ட டிஜிட்டாலிஸ், ஒரு நச்சுச் செடியின் இலை. நம் மலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. கோப்பி அழிந்தபின், தேயிலை முற்றாக வருமுன், துரைமார் சிங்கோனா மரத்தை நட்டார்கள். சிங்கோனாவுக்காகவே அதற்கு முன்னரே, 1861இல், ஹக்கலைப் பூந்தோட்டம் தொடங்கப்பட்டிருந்தது. அம்மரப் பட்டையின் குவினைனை மலேரியாவுக்காக உண்டுவந்த ஒல்லாந்து வணிகர் ஒருவர், தம் நெஞ்சின் தாளக்கேட்டையும் அதனால் நிறுத்த முடிகிறது என்று வென்கபாக் என்னும் வைத்தியருக்குக் காட்டினார். அதனை அவர் 1914இல் எழுதினார். 1918இல் அதே பட்டையிலுள்ள குவினிடின் இன்னும் நன்று என்று பிரை என்பவர் கண்டார். இன்று அது வழக்கொழிந்துவிட்டது எனினும், சோணையறை நடுக்கத்தை அடக்கிய பழைய மருந்தின் மரம் ஒருகாலத்தில் இம்மலைநாட்டிலும் வளர்ந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவும் நான் அக்காவுக்காகத் தேடினேன். அடுத்த ஆண்டு எனக்கே அந்நோய் என்றார்கள். என் வால்வு பழுதில்லை. இரத்த அழுத்தமே காரணமாம். அப்போதுதான், ஆயுள் முழுதும் மருந்து என்ற சொல் கேட்பவரின் நெஞ்சில் எப்படி விழும் என்பது புரிந்தது. நெஞ்சின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை ஏற்றத்திற் காலைக் கட்டுகிறது. தாளத்தைத் திருத்தும் அமியோடரோன், தைரொயிட் சுரப்பியையும் நுரையீரலையும் கெடுக்கக்கூடியது. வெயிலில் தோலைச் சுடவைப்பது. இரத்தத்தை இளக்கும் மருந்தினால் முரசில் இரத்தம் கசிகிறது. இந்த அச்சங்கள் வீணானவை அல்ல. ஆனால், அவற்றைக் கொண்டுபோகவேண்டிய இடம் தகரப் பெட்டி அன்று, வைத்தியரின் மேசை. நான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, ஒன்றின் அளவைக் குறைத்தார், மற்றதை ஏன் விடக்கூடாது என்று விளக்கினார்.

வேறு சிலவும் கேட்டறிந்தேன். உடம்பு நோவுக்குக் கடையில் வாங்கும் அஸ்பிரினும் டைக்ளோபினாக்கும் இம்மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் பெருகலாம். நாட்டு மருந்தானாலும் சொல்லிவிட்டே உண்ணவேண்டும். கீரையிலும் கோவாவிலும் உள்ள வைட்டமின் கே, வார்பரினுக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை ஒதுக்கவேண்டுவதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக உண்டாற் போதும். கருவுற்ற பெண்ணோ, கருவுற விரும்பும் பெண்ணோ முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லவேண்டும். வார்பரின் கருவுக்கு ஊறு செய்யும். 2010ஆம் ஆண்டுக்குப் பின் வந்த, மாதச் சோதனை வேண்டாத புதிய மருந்துகள் என்னைப் போன்றவர்களுக்கு உகந்தவை. அக்காவைப் போன்று மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு அவை ஏற்றவையல்ல. 4,500 பேருக்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு பல நாடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆராய்ச்சியில், பழைய முறை மருந்தே உயிரைக் காப்பதில் மேலாக நின்றது.

மருந்தை நாள்தோறும் உண்ணும் வழக்கம் நம் தோட்டங்களுக்குப் புதிது. 1872இல் தோட்டத் தொழிலாளருக்கான வைத்தியச் சட்டம் வந்த காலம் முதலாக, மருந்து என்பது விழுந்தவனை மறுபடி பிரட்டுக்கு அனுப்புவதற்கான ஒன்றாகவே நமக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சலுக்கு மூன்று நாள். பிறகு போத்தலைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் தேயிலைச் செடியை வளர்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்தெடுக்கும் சுற்றுத் தவறினால் மலை முற்றிவிடுகிறது. செடி நன்றாகத்தானே இருக்கிறது என்று எந்தக் கங்காணியும் சுற்றை நிறுத்துவதில்லை. நன்றாயிருப்பது சுற்றுத் தவறாததனாலேயே.

மருந்து கையிற் கிடைப்பதும் சும்மா கிடைத்ததன்று. ஊவாவின் பிபிலைப் பெயரைத் தாங்கிய பேராசிரியர் சேனக பிபிலை, விளம்பரப் பெயர்களை விட்டு மருந்தின் பொதுப்பெயரால் மலிவாக வாங்கி எல்லோருக்கும் வழங்கவேண்டும் என்று போராடியவர். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். அவர் 1977இல் மறைந்தார். 2022இன் நெருக்கடியில் நாடெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான், இலவசமாகக் கிடைத்த அந்தக் கடதாசி உறையின் பெறுமதியை நாம் அறிந்தோம். அத்தகைய உறைகளையே அக்கா பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள்.

வாசிப்பவர் ஒன்றை மட்டும் மனத்திற் கொள்ளட்டும். திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கை மருந்து பார்த்து நிற்கவேண்டாம். 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்நோய்க்கு ஒவ்வொரு நிமிடமும் விலை.

அக்காவுக்குப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. கை திரும்பவில்லை. முப்பது ஆண்டுகள் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளிய விரல்கள் மடியிற் கிடக்கின்றன. நான் சொன்னதனால்தான் நிறுத்தினாள் என்பதை அவள் வாய்திறந்து ஒருபோதும் சொன்னதில்லை. நான் ஒருநாள் அதைச் சொல்லி அழுதபோது, இடக்கையால் என் தோளைத் தொட்டு, "நீ பாதியத்தான் சொன்ன தம்பி. நானும் மீதியக் கேக்கல" என்றாள்.

இப்போது மாதந்தோறும் முதல் பஸ்ஸில் இருவரும் போகிறோம். இரண்டு கொப்பிகளும் என் கையில். மாலையில் மலை இருட்டும் வேளையில், அவள்தான் முதலில் நினைவூட்டுவாள்: "தம்பி, எலி மாத்திரை." நான் தண்ணீர் கொண்டுவருவேன். அவள் உள்ளங்கையில் அவளுடையதை வைத்துவிட்டு, என்னுடையதை நான் விழுங்குகிறேன்.