கீறலற்ற நிரந்தரக் கருத்தடை: எஷ்யூர் சுருளும் பிம்பச் சோதனையும்

பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடை என்றதும் வயிற்றில் கீறலிட்டுக் கருக்குழாய்களைக் கட்டுவதோ வெட்டுவதோ நினைவுக்கு வரும். கீறலின்றிக் கருப்பைவாய் வழியே கருக்குழாயை அடைய முனைந்த முறைகளுள் பரவலாகப் பயன்பட்டது எஷ்யூர். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-ஆம் ஆண்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது.

நிக்கல்-டைட்டானியக் கலவையாலான புறச்சுருளும் துருப்பிடிக்கா எஃகாலான அகச்சுருளும் கொண்ட இக்கருவி ஏறத்தாழ 4 செ.மீ. நீளமுடையது. கருப்பை அகநோக்கியின் துணையுடன் இரு கருக்குழாய்களிலும் இது வைக்கப்படும். புறச்சுருள் விரிந்து குழாய்ச்சுவரைப் பற்றிக்கொள்ளும். எனினும் குழாயை அடைப்பது சுருள் அன்று. அதிலுள்ள பாலியெஸ்டர் இழைகள் தூண்டும் அழற்சியால் உள்வளரும் திசுவே அடைக்கிறது. அதற்கு மூன்று மாதங்கள் வேண்டும். அதுவரை வேறொரு கருத்தடை முறையைக் கையாள வேண்டும்.

மூன்று மாதங்களுக்குப் பின் கருப்பைக்குள் சாயநீரைச் செலுத்தி ஊடுகதிர்ப் படம் எடுக்கப்படும். சாயநீர் குழாயைக் கடந்து வயிற்றறைக்குள் சிந்தினால் அடைப்பு முழுமையாகவில்லை என்பது பொருள். பின்னாளில் யோனிவழி மீயொலிச் சோதனையும் ஏற்கப்பட்டது. குழாயைக் கட்டும் அறுவையில் இத்தகைய மறுசோதனை கட்டாயமன்று. எஷ்யூரிலோ பெண் மீண்டும் வந்து படம் எடுத்துக்கொண்டாலன்றி முறை நிறைவுறாது. அவ்வாறு வராதோரும் இருந்தனர். இதனை அவர்தம் கவனக்குறைவு எனக் கொள்வதினும் முறையின் அமைப்பிலேயே இருந்த குறை எனக் கொள்வதே பொருத்தம்.

நியூயார்க் மாநிலப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, எதிர்பாராக் கருத்தரிப்பில் இம்முறைக்கும் லேப்ராஸ்கோப் முறைக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆனால் முதலாண்டிலேயே மறு அறுவைக்கு உள்ளாகும் வாய்ப்பு எஷ்யூர் முறையில் ஏறத்தாழ பத்து மடங்காக இருந்தது. நீடித்த இடுப்பு வலி, குழாய் துளைபடுதல், சுருள் இடம்பெயர்தல், நிக்கல் ஒவ்வாமை ஆகியன குறித்த முறையீடுகளும் பெருகின. 2016-இல் கட்டமிட்ட எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. 2018 ஏப்ரலில், இடர்களை எடுத்துரைத்துப் பெண்ணின் கையொப்பம் பெறும் வாய்ப்பளிக்கும் மருத்துவர்க்கு மட்டுமே விற்க வேண்டுமென ஆணையிடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் பேயர் நிறுவனம் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தியது.

'எளிய முறை' என்னும் அடைமொழி சுருளை வைப்பதற்கே பொருந்தும், எடுப்பதற்குப் பொருந்தாது. திசு சூழ்ந்தபின் அதை அகற்றக் கருக்குழாயையோ, சிலருக்குக் கருப்பையையோ நீக்க நேர்ந்தது. அறுவையைத் தவிர்க்க விரும்பி வந்தவர்களே அறுவை மேசைக்குச் சென்றனர். சுருளை இன்னும் உடலில் தாங்கியிருப்போர் பலர் ஆதலால், விற்பனை நின்ற பின்னரும் ஆய்வில் சேர்ந்த பெண்களை மூன்றாண்டுகளுக்கு மாறாக ஐந்தாண்டுகள் கண்காணிக்குமாறு அந்நிர்வாகம் பணித்தது.