பாயில் விதியும் பாயிலின் தமையனாரும்

வெப்பநிலை மாறாதிருக்கும்போது, குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் கன அளவு அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். இந்த விதியைக் கண்ட இராபர்ட் பாயிலை வேதியியல் மாணவர் யாவரும் அறிவர். அவருக்கு ஏறத்தாழ ஆறு வயது மூத்த ரோஜர் பாயில் என்றொரு தமையனார் இருந்தார் என்பதை இவ்வாண்டுதான் நூலகத்தில் ஒரு வரலாற்று நூலைப் புரட்டும்போது அறிந்தேன். அவர் போர்வீரர், அரசியல்வாதி, போதாக்குறைக்கு நாடகாசிரியர்! தம்பியின் ஆய்வுக்கூடத்துக்கும் அண்ணனின் வாளுக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்தபின் அவரை விட மனம் வரவில்லை.

முதலில் தந்தையைச் சொல்ல வேண்டும். ரிச்சர்டு பாயில் 1588-இல் கையில் 27 பவுனோடு இங்கிலாந்திலிருந்து டப்ளின் வந்து இறங்கியவர். டெஸ்மண்டு பிரபுவின் கலகத்தை அடக்கிய ஆங்கிலேய அரசு, அயர்லாந்தின் தென்பகுதியாகிய மன்ஸ்டரில் பறிமுதல் செய்த நிலத்தில் ஒரு பகுதியை வால்டர் ராலிக்கு வழங்கியிருந்தது. அதை 1602-இல் மலிவாக வாங்கினார் ரிச்சர்டு. பின்னர் கார்க் பிரபு ஆனார். அவருடைய லிஸ்மோர் கோட்டையில் 1621-இல் ரோஜரும் 1627-இல் இராபர்ட்டும் பிறந்தனர். ஏழு வயது நிரம்புமுன்பே ரோஜருக்குப் பிராகில் பிரபு என்ற பட்டம் கிடைத்துவிட்டது. பணம் இருந்தால் பட்டம் தொட்டிலுக்கே வரும் போலும்.

1641 அக்டோபரில், நிலமும் உரிமையும் இழந்த கத்தோலிக்க ஐரிஷ் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். குடியேறிய புராட்டஸ்டண்டுகள் பலர் கொல்லப்பட்டனர். பதிலுக்கு ஐரிஷ் மக்களும் கொல்லப்பட்டனர். ரோஜருக்கு அப்போது வயது இருபது. என் வயதுதான். நான் செய்முறைத் தேர்வுக்கு நடுங்கும் வயதில் அவர் போர்க்களத்தில் நின்றார். 1642-இல் லிஸ்கேரல் போரில் உடன்பிறந்தான் லூயிஸ் மாண்டான். மன்னர் பக்கம் போரிட்ட ரோஜர் 1644-இல் பாராளுமன்றத்தின் பக்கம் சாய்ந்தார். 1649-இல் மன்னர் முதலாம் சார்லசின் தலை வெட்டப்பட்டதும் மனம் மாறி, நாடு கடந்து வாழ்ந்த இளவரசரிடம் சென்றுவிடத் திட்டமிட்டார். கீல்வாதத்துக்கு மருத்துவம் பார்க்கப் போவதாக வெளியில் சொல்லிக்கொண்டார்.

அப்போது நடந்ததாக அவருடைய குருவானவர் மாரிஸ் எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. எசமானரைப் பற்றிப் பணியாளர் எழுதியது. ஆகவே சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். இலண்டனில் ரோஜர் தங்கியிருந்த இடத்துக்கு ஆலிவர் கிராம்வெல் நேரிலேயே வந்து, “உமது திட்டம் எங்களுக்குத் தெரியும்” என்றாராம். ரோஜர் மறுத்தார். கிராம்வெல் அவருடைய கடிதங்களின் நகல்களை எடுத்துக் காட்டினார். ரோஜர் மன்னிப்புக் கோரினார். அயர்லாந்தில் ஐரிஷ்காரரை எதிர்த்துப் போரிடப் படைத்தலைமை, அல்லது இலண்டன் கோபுரச் சிறை. இரண்டில் ஒன்றை அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரோஜர் தலைமையை ஏற்றார்.

ஏற்றபின் தயங்கவில்லை. 1650-இல் மக்ரூமில் வென்றார். அங்கே பிடிபட்ட ஆயர் மக்ஈகனை ஒரு கோட்டையின் முன் நிறுத்தி, உள்ளேயிருப்போரைச் சரணடையச் சொல்லுமாறு பணித்தார். ஆயரோ எதிர்த்து நில்லுங்கள் என்று முழங்கினார், அங்கேயே தூக்கிலிடப்பட்டார். இந்த இடத்தில் எனக்கு ரோஜர் மீதிருந்த வியப்பெல்லாம் வடிந்துவிட்டது. மறு ஆண்டு நாக்னக்ளாஷியில் மஸ்கெரி பிரபுவை முறியடித்து, முற்றுகையிலிருந்த லிமரிக்குக்கு உதவி போகாமல் தடுத்தார்.

பிறகு ஸ்காட்லாந்து ஆட்சிக் குழுவின் தலைவர். 1657-இல் கிராம்வெல்லை முடிசூட்டிக்கொள்ள வற்புறுத்தியவர்களுள் இவரும் ஒருவர். 1658-இல் கிராம்வெல் இறந்தார். 1660-இல் இரண்டாம் சார்லஸ் திரும்பினார். அயர்லாந்தை அவருக்கு வசப்படுத்தித் தந்தவர்களுள் முன்னின்றவர் யார் என்கிறீர்கள்? நம் ரோஜரேதான்! ஓரரி பிரபு என்ற உயர்பட்டம் பரிசாயிற்று. 1664-இல் அவருடைய நாடகம் இலண்டனில் அரங்கேறியது. நாயகன் ஐந்தாம் ஹென்றி மன்னர். முடியாட்சியை ஒழித்தவர்களிடம் பணிபுரிந்த கை எழுதியது அது.

என்னை நிறுத்திய ஆண்டு 1662. பாயில் விதி அச்சில் வந்தது அவ்வாண்டில்; அயர்லாந்து நிலங்கள் யாருக்கு என முடிவுகட்டிய சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில். அச்சட்டத்தை உருவாக்கியதில் ரோஜருக்குப் பெரும் பங்கு. 1641-இல் கத்தோலிக்கரிடம் ஏறத்தாழ அறுபது விழுக்காடாக இருந்த நிலம், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கால் பங்குக்கும் கீழே போயிற்று. இராபர்ட் பாயில் எந்தக் கல்லூரியிலும் சம்பளம் வாங்கியவர் அல்லர். காற்றேற்றியும் கண்ணாடிக் குழாயும் பாதரசமும் வாங்கிய பணம் பெரும்பாலும் அயர்லாந்து நிலத்தின் வருவாயே.

1669-இல் பாராளுமன்றம் ரோஜர் மீது குற்றம் சாட்டியது, வழக்கு முடிவுறவில்லை. 1672-இல் மன்ஸ்டர் தலைவர் பதவி போயிற்று. கீல்வாதம் கடைசிவரை விடவில்லை. 1649-இல் சொன்ன நோய் வெறும் சாக்கு மட்டும் அன்று. 1679-இல் இறந்து யாகல் நகரில் அடக்கமானார்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இக்கதையை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்குச் சென்றதில்லை. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர். கிராம்வெல்லைப் பற்றியோ நாடகத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. “அந்த நெலத்தை உழுதவங்க என்னப்பா ஆனாங்க?” என்று மட்டும் கேட்டார். நிலவுடைமையாளர் பலரை மேற்கே கன்னாட்டுக்கு விரட்டினார்கள், உழுதவர்கள் பெரும்பாலும் அங்கேயே இருந்து புதிய உடையவர்களுக்குக் குத்தகை கட்டினார்கள் என்றேன்.