கொம்யூன் மன்றமும் ஊர்க் குறைகளும் (காரைக்கால்)

கோட்டுச்சேரிமேடு, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில் உள்ள கடலோர மீனவக் கிராமங்களுள் ஒன்று. இது கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. இத்தகைய ஊரில் தெருவிளக்கு எரியவில்லை, மழைநீர் வடியவில்லை, குப்பை அள்ளப்படவில்லை என்றால் அதை யாரிடம், எந்த அவையில் சொல்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எளிய கேள்விதான். காரைக்காலில் அதற்கு விடை சொல்ல நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைத் தொட வேண்டியிருக்கிறது.

மன்றக் கூட்டம் என்பது

உள்ளாட்சி மன்றம் என்பது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் அவை. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மன்றக் கூட்டத்தின்போது பொதுமக்கள் ஒலிவாங்கி முன் வந்து இரண்டு, மூன்று நிமிடம் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். நம் நாட்டு நகராட்சி மன்றங்களில் பொதுவாக அந்த வழக்கம் இல்லை. குடியிருப்பவர் தம் வார்டு உறுப்பினரிடம் சொல்வார். உறுப்பினர் அதை மன்றத்தில் எழுப்புவார். விவாதம் நடந்து தீர்மானம் ஆனால் அது நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறும்.

மனுவுக்கும் தீர்மானத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மனுவைப் பெற்றுக்கொண்ட அலுவலர் மாறுதலாகிப் போகலாம். மனு கோப்புக்குள் உறங்கலாம். தீர்மானம் அப்படியன்று. அடுத்த கூட்டத்தில், "போன முறை நிறைவேற்றிய தீர்மானம் என்ன ஆயிற்று?" என்று எந்த உறுப்பினரும் எழுந்து கேட்கலாம். கேட்காத உறுப்பினரை அடுத்த தேர்தலில் ஊர் கேட்கும்.

பிரெஞ்சுக்காரர் காலம்

காரைக்கால் பிரெஞ்சிந்தியாவின் ஒரு பகுதியாக இருந்தபோது, 1880 மார்ச் 12ஆம் நாள் வெளியான ஆணையின் வழியாக இங்கே கொம்யூன்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் ஏற்பட்டன. மன்றத் தலைவருக்கு மேர் என்று பெயர். மேரின் அலுவலகம் 'மேரி'. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள கட்டடத்தை இன்றும் மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். அக்காலத் தேர்தல்களில் முறைகேடுகள் மலிந்திருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அந்த மன்றங்கள் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவுடன் இணைவதா என்பது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களுமே. மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170 பேர், எதிராக 8 பேர். தெருவிளக்கும் சாக்கடையும் பேசிய மன்றத்தாரே நாட்டின் எல்லையையும் தீர்மானித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

1968க்குப் பிறகு

1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1973இல் நகராட்சிகளுக்கு ஒரு சட்டமும், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்துவதைக் கட்டாயமாக்கின. அதற்குப் பின்னும் வழக்குகள் நடந்து, 2006இல்தான் அடுத்த தேர்தல் வந்தது. இடைவெளி 38 ஆண்டுகள். 1968இல் முதன்முறை வாக்களித்த இளைஞர் அடுத்த முறை வாக்களிக்கும்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்.

அம்மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் நடத்தச் சொன்னது. 2021இல் தேர்தல் அட்டவணை வெளியானது. 5 நகராட்சித் தலைவர், 116 நகராட்சி உறுப்பினர், 108 கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், 108 கொம்யூன் உறுப்பினர், 812 கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர் என 1,149 பதவிகள் அதில் இருந்தன. வார்டு இடஒதுக்கீடு பற்றிய வழக்குகளால் அத்தேர்தலும் நின்றது. மேரி கட்டடத்தின் கதையையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்: 2014 மழையில் இடிந்து விழுந்த அது, அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. உள்ளே அமர மன்றம்தான் இல்லை.

மன்றம் இல்லாதபோது கொம்யூனின் அன்றாட வேலைகளை ஆணையர் நடத்துகிறார். மக்கள் அவரிடமோ, மாவட்ட ஆட்சியரிடமோ, சட்டமன்ற உறுப்பினரிடமோ மனு கொடுக்கிறார்கள். பல அலுவலர்கள் நன்றாகவே வேலை செய்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. மாவட்டம் முழுமைக்கும் ஐந்தே சட்டமன்றத் தொகுதிகள். ஒரு தெருவின் வடிகாலுக்குக்கூடச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போக வேண்டியிருப்பதுதான் குறை.

ஊர்ப் பஞ்சாயத்து

மன்றம் இல்லை என்பதால் ஊரில் கூட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சோழமண்டலக் கடற்கரை மீனவக் கிராமங்களில் சட்டத்துக்கு முன்பே இருந்துவரும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. தலைக்கட்டு வரி வசூலிப்பது, கோயில் திருவிழா நடத்துவது, வலை, படகுச் சச்சரவுகளைத் தீர்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை, காரைக்கால் கரையில் நிவாரணம் பெரும்பாலும் இப்பஞ்சாயத்துகளின் வழியாகவே ஊருக்குள் சென்றது. அவ்வளவு வேகத்தில் அரசு அலுவலகம் எதுவும் கணக்கெடுத்திருக்க முடியாது என்பதே உண்மை.

ஆனால் தலைக்கட்டு என்பது ஆண்களின் கணக்கு. மரபுப்படி பெண்கள் அந்தக் கூட்டத்தில் உறுப்பினர் இல்லை. மீனைக் கூடையில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு போவது பெண்கள். விடியுமுன் இருட்டில் பேருந்துக்கு நிற்பதும், சந்தையில் கழிப்பறை இல்லாமல் தவிப்பதும் அவர்கள்தான். தெருவிளக்கின் அருமை அவர்களுக்கே தெரியும். அரசியலமைப்பின்படி அமையும் மன்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு. கொம்யூன் தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாற்காலிகளும் காலியாகவே கிடக்கின்றன.

நண்டலாற்றுக்கு வடக்கே

வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். அங்கே ஊராட்சிகளில் கிராமசபை கூடும் நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராமசபையில் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். எவரும் எழுந்து நேரடியாகப் பேசலாம், வரவு செலவைக் கேட்கலாம். தமிழ்நாட்டிலும் 2016 முதல் 2019 வரை தேர்தல் நடவாமல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தியதுண்டு. நகர்ப்புறங்களில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியுள்ளன.

மனு கொடுப்போர் அறிய வேண்டியவை

மன்றம் இல்லாத இடத்தில் மனுவையே வலுவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மனுவில் ஒரு குறை போதும். இடம், எத்தனை நாளாகக் குறை உள்ளது, எத்தனை வீடுகள் பாதிக்கப்படுகின்றன என்பவற்றை எழுதி, படியில் முத்திரையுடன் ஒப்புகை வாங்க வேண்டும். பதில் வராவிட்டால், அந்த மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.