சேற்றில் கைகொடுக்கும் டயர் நெடுஞ்சாலைக்கும் ஏற்றதா?

கோலா கங்சார் – மழையில் செம்பனைத் தோட்டச் செம்மண் பாதையில் பிக்கப் சிக்கினால், அன்றைய வேலை கெட்டது. அதனால்தான் டயர் தேய்ந்ததும் சிலர் ‘ஆல் டெரேய்ன்’ வகைக்கு மாறுகின்றனர். இதன் அகன்ற பள்ளங்கள் சேற்றை உதறிவிட்டுப் பிடிப்பைக் கொடுக்கும்.

ஆனால், அதே வண்டி ஈப்போவுக்குப் போகும்போது நிலைமை வேறு. தார்ச்சாலையில் இரைச்சல் கூடும்; எண்ணெய்ச் செலவும் சற்று ஏறும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால், வண்டி நிற்கக் கூடுதல் தூரம் தேவைப்படலாம். மெனோரா சுரங்கப்பாதை அருகேயுள்ள இறக்கத்தில் இதை மறக்கக்கூடாது.

வாங்குமுன் டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைக் குறிக்கும் 4 எண்களைப் பாருங்கள். ‘2423’ என்றால், 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

தினமும் தோட்டத்துக்குள் போகிறவருக்கு இந்த டயர் தேவை. நகரத்திலேயே ஓட்டுபவருக்குச் சாதாரண டயரே போதும்.