கால் எலும்பு கூடுவதற்குள் கையெழுத்துப் போடாதீர்கள்!

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் திருநகரோ, கோச்சடையோ, எதுவாகவும் இருக்கட்டும். வீட்டுக்காரருக்கு 42 வயது. மாட்டுத்தாவணிப் பக்கம் சின்ன வியாபாரம். திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது, கப்பலூர் பக்கம் பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்து ஆபரேஷன். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்.

ஒரு நாள் காலையில் ஒருவர் ஃபைலோடு வருகிறார். "இன்ஷூரன்ஸ் கம்பெனியில பேசிட்டேன் சார். கோர்ட்டு, வாய்தான்னு எதுக்கு அலையணும்? ஒரு தொகை தர்றாங்க. கையெழுத்துப் போட்டீங்கன்னா சீக்கிரமே அக்கவுண்ட்ல ஏறிடும்."

வீட்டம்மாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வருகிறது. இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் கடையும் ஞாபகம் வருகிறது. "கொடுக்கறதை வாங்கிக்கலாங்க. கால்தான் நல்லாயிருச்சே!"

நல்லாயிருச்சா? அதுதான் கேள்வியே. இரண்டு மாதத்தில் அதற்கு எந்த எலும்பு டாக்டரும் பதில் சொல்ல மாட்டார்.

முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்தால், அது சேருவதற்குப் பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பிடிக்கும். சர்க்கரை வியாதி இருந்தாலோ, சிகரெட் பழக்கம் இருந்தாலோ இன்னும் இழுக்கும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த காயம் என்றால் சீழ் பிடிக்கும் பயம் வேறு. சிலருக்கு எலும்பு சேராமலே போய், இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். எல்லாம் நன்றாகச் சேர்ந்த பிறகும் முழங்கால் முழுசாக மடங்காமல் நின்றுவிடுவது உண்டு. தரையில் சம்மணம் போட முடியாது, மாடிப்படி ஏறினால் வலி. உள்ளே வைத்த கம்பியைப் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் அதற்கும் ஒரு செலவு.

தலையில் அடி என்றால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஸ்கேன் நார்மல் என்று அனுப்பியிருப்பார்கள். சில வாரம் கழித்துத்தான் மறதி, தலைவலி, காரணமில்லாத கோபம் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பல மாதம் கழித்து வலிப்பு வந்தவர்களும் உண்டு. "மனுஷன் முன்ன மாதிரி இல்லை" என்று முதலில் கண்டுபிடிப்பது மனைவிதான். அதைக் கோபதாபம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுத வையுங்கள்.

சட்டத்தின் கடிகாரமோ வேறு வேகத்தில் ஓடுகிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த அந்தத் திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் சும்மா உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆக, மனுவைச் சீக்கிரம் போடுங்கள், சமரசத்தை நிதானமாக முடியுங்கள். பல குடும்பங்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கின்றன. மனுவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள்.

விபத்து திருச்சிப் பக்கம் நடந்தது, கேஸுக்கு அங்கேயா அலைவது என்று மலைக்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். மதுரைக்காரர்களுக்கு மதுரையிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது. தீர்ப்பு குறைவு என்று தோன்றினால் அப்பீலுக்கும் சென்னை போக வேண்டியதில்லை. 2004-லிருந்து உயர் நீதிமன்றக் கிளை மதுரையிலேயே இருக்கிறதே!

இனி காகிதம். கேஸின் பாதி ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் இருக்கிறது. அடிபட்டவரைக் கொண்டு போனதும் டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். 'ஏ.ஆர். காப்பி' என்பது இதன் நகல்தான். எப்படி அடிபட்டது என்று நீங்கள் சொல்வதுதான் அதில் ஏறும். போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்து, "பைக்கிலிருந்து தானா விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடும் உறவினர்கள் இருக்கிறார்கள். பிறகு இன்ஷூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார். கார் மோதியது என்றால் கார் மோதியது என்றே சொல்லுங்கள். முடிந்தால் வண்டி நம்பரையும் சொல்லுங்கள்.

முதல் இரண்டு நாள் பணத்துக்காக அப்படி மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இன்னொன்று, நாட்டுக் கட்டு. "புத்தூர்க் கட்டுப் போட்டா சரியாப் போயிரும்" என்று பாதியில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நம் பக்கம் நிறைய. எலும்பு கோணலாகச் சேரும் ஆபத்து ஒரு பக்கம். எக்ஸ்ரேயும் சீட்டும் இல்லாமல் நடுவில் நாலு மாதம் காணாமல் போவது இன்னொரு பக்கம். "அந்த நாலு மாசம் என்ன வைத்தியம் பார்த்தீங்க?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. பிசியோதெரபி சீட்டு, மருந்துக் கடை பில், ஆட்டோக்காரர் எழுதிக் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு பீரோவில் வையுங்கள். மெடிக்ளெய்முக்கு ஒரிஜினல் பில் போகிறதென்றால், அதற்கு முன்னால் சான்றிட்ட நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊனச் சதவீதம். பலரும் ஏமாறுவது இங்கேதான். மருத்துவக் குழு, 'வலது காலில் 40 சதவீதம்' என்று சான்றிதழ் கொடுத்தால், வருமானத்திலும் 40 சதவீதம் போய்விட்டதாக அர்த்தமில்லை. அது காலுக்கான கணக்கு. முழு உடம்புக்கு எவ்வளவு, அதிலும் அவர் பார்க்கும் வேலைக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு தீர்ப்பில் விளக்கியது. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் சம்பாத்தியம் ஏறக்குறைய முழுசாகப் போய்விடும், அரசாங்க அலுவலகக் குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்று அதிலேயே உதாரணமும் இருக்கிறது. ஆகவே டாக்டரிடம், "இவர் நாள் பூரா நின்னு மூட்டை இறக்குற ஆளுங்க" என்பதைச் சொல்லுங்கள்.

"வருமானத்துக்கு ரசீது இல்லையே?" என்று நம் வியாபாரி கேட்பார். கர்நாடகத்தில் ஒரு காய்கறி வியாபாரிக்கு விபத்தில் ஒரு கால் போனது. அவர் மாதம் 6,500 ரூபாய் சம்பாதித்ததாக 2014-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இப்படிப்பட்ட தொழில் செய்கிறவர்கள் வருமானத்துக்குக் காகிதம் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. உயர் நீதிமன்றம் 65 சதவீதமாகக் குறைத்த ஊனத்தை மறுபடி 85 ஆக்கியது.

நம் ஆளுக்கு மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், வயது 42. 2017-ல் வந்த தீர்ப்புப்படி வருங்கால உயர்வுக்காக 25 சதவீதம் கூட்டினால் 18,750. வருடத்துக்கு 2,25,000. வேலைக்கான நஷ்டம் 20 சதவீதம் என்றால் வருடத்துக்கு 45,000. 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணையில் 41 முதல் 45 வயது வரை 14 ஆல் பெருக்க வேண்டும். வருவது 6,30,000 ரூபாய். வலி வேதனை, மருந்து, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, சத்துணவு, வண்டிச் செலவு, இனி வரப்போகும் ஆபரேஷன் எல்லாம் இதற்கு மேல். அதே கால் பத்து சதவீதத்தோடு தேறிவிட்டால் 3,15,000. இரண்டுக்கும் நடுவில் மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அவர் எந்தப் பக்கம் என்பது இரண்டாம் மாதத்தில் அவருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது.

அடிபட்டது வீட்டம்மா என்றால்? "அவங்களுக்கு என்ன வருமானம்?" என்று கேட்பார்கள். வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டுத்தான் கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லியிருக்கிறது. சமைக்க ஆள் வைத்தால் அந்தச் சம்பளத்தையும் குறித்து வையுங்கள்.

பேசி முடிப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. காயம் சின்னது, முழுசாக ஆறிவிட்டது, டாக்டரும் இனி ஒன்றுமில்லை என்கிறார் என்றால், நியாயமான தொகைக்கு லோக் அதாலத்தில் முடித்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் அங்கே முடிந்தால் முடிந்ததுதான், அப்பீல் கிடையாது. இன்னொரு வகையும் உண்டு. தப்பு யார் பேரில் என்று நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று சட்டமே ஒரு தொகை வைத்திருக்கிறது. எலும்பு முறிவு பலத்த காயத்தில் சேரும். நம்மீதும் கொஞ்சம் தப்பு என்றாலோ, சாட்சி இல்லை என்றாலோ இது கை கொடுக்கும். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் பெரிய தொகை கேட்டுப் போட்ட மனு காலாவதி ஆகிவிடும். கம்பெனி தருவதாகச் சொல்வது எந்தப் பிரிவில் என்று உங்கள் வக்கீலிடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் குடி முழுகிவிடாது. தீர்ப்பாயம் விசாரணைக்குத் தேதி போடும். மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி சேர்த்தும் கொடுக்கலாம்.

ஃபைலோடு வந்தவருக்குக் காப்பி கொடுத்து உட்கார வையுங்கள். அவர் கம்பெனி ஆளா, வக்கீல் குமாஸ்தாவா, ஆஸ்பத்திரி வாசலில் ஆள் பிடிக்கிறவரா என்று கேளுங்கள். காகிதத்தில் 'முழுத் திருப்தியுடன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லாமல்' என்கிற மாதிரி வரி இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். "அடுத்த எக்ஸ்ரே எடுத்துட்டு டாக்டர் சொன்னப்புறம் பேசலாங்க" என்று சொல்லி அனுப்பி வையுங்கள்.